தாலிக்கு நோ என்ட்ரி

ஃபுக்கெட் தேனிலவு பேக்கேஜ் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு நாளை ஷாப்பிங்குக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். முதல் நாள் கடற்கரை, இரண்டாம் நாள் படகில் தீவு. மூன்றாம் நாள் காலை வேன் வந்து நிற்கும். டிரைவர் நேராகக் கூட்டிப்போவது நகைக் கடைக்கு. அடுத்து முந்திரிப் பருப்பு ஃபாக்டரி. மாப்பிள்ளை பண்ருட்டிக்காரராகவே இருந்தாலும் தப்ப முடியாது. இறங்கி, ருசி பார்த்து, இரண்டு பாக்கெட் வாங்கினால்தான் வண்டி நகரும். சாயங்காலம் பாடோங்கில் ஜங்சிலோன் மால். யானை படம் போட்ட பேன்ட், மாமியாருக்குத் தைலம், மச்சினனுக்கு டி-ஷர்ட். கடைசியாக, ஊரிலிருந்து புறப்படும்போதே மனசுக்குள் முடிவாகிவிட்ட அயிட்டம்: புது மனைவிக்கு ஐபோன். தாய்லாந்தில் ஏழு சதவிகித வாட் வரியை ஏர்போர்ட்டில் திருப்பித் தருவார்கள். அதனால் பாஸ்போர்ட்டைவிட ரசீதுதான் பத்திரமாக இருக்கும்.

போகட்டும், வாங்கட்டும். கல்யாணமான புதிதில் செலவழிக்காமல் வேறு எப்போது செலவழிப்பது? எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. என் சண்டை அந்த போன் பிறந்த இடத்தோடு.

ஐபோன்கள் நம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் தயாராவது புது விஷயமில்லை. 2019-லேயே ஆரம்பித்துவிட்டது. ஃபுக்கெட் கடையில் இருப்பது சீனாவில் பூட்டியதா, இங்கே பூட்டியதா என்பது பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். இங்கே பூட்டியதென்றால், அதைத் தொட்ட கைகள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்களின் கைகள். அநேகமாக அத்தனை பேருமே கல்யாணமாகாதவர்கள்.

தற்செயல் இல்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. 2023 மார்ச்சில் வேலை தேடி அக்கா தங்கை இருவர் அந்தத் தொழிற்சாலைக்கு வருகிறார்கள். கேட்டில் செக்யூரிட்டி கேட்ட கேள்வி ஒன்றுதான்: கல்யாணம் ஆயிடுச்சா? ஆகிவிட்டது. அப்படியே திரும்பிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோ டிரைவரே, கல்யாணமானவங்களை இங்கே எடுக்க மாட்டாங்களேம்மா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். கம்பெனி பாலிசி ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தெரிந்திருக்கிறது. தொழிலாளர் துறைக்குத்தான் ராய்ட்டர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது.

விவகாரம் பெரிதானதும் மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. 2024 ஜூலையில் அதிகாரிகள் போனார்கள். கம்பெனி கொடுத்த கணக்கு: மொத்தம் 41,281 பேர், அதில் பெண்கள் 33,360, அவர்களில் திருமணமானவர்கள் 2,750. அதாவது நூற்றுக்கு எட்டு. பாரபட்சமே கிடையாது, புதிதாக எடுப்பவர்களில் கால்வாசிப் பேர் திருமணமான பெண்கள்தான் என்றும் சொன்னார்கள். இருபத்தைந்து பேர் உள்ளே வந்தும் எட்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், ஒன்று அந்தத் தாராளம் ரொம்பச் சமீபத்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது மிச்சப்பேர் நிற்கவில்லை. எது என்று யாராவது கேட்டார்களா? அதிகாரிகளின் விசாரணை போதாது, மறுபடியும் போய் ஒழுங்காக விசாரியுங்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையமே சொல்ல வேண்டி வந்தது.

இப்போது காரணங்களுக்கு வருவோம். முதலாவது, தாலியும் மெட்டியும். உலோகம் இருந்தால் ஸ்டாடிக் மின்சாரம் பாய்ந்து சர்க்யூட் கெட்டுப்போகுமாம். ஸ்டாடிக் பிரச்னை நிஜம்தான், மறுக்கவில்லை. அதற்குத்தான் கையில் எர்த் பட்டை கட்டுகிறார்கள், தனிக் கோட்டு, தனிச் செருப்பு போடுகிறார்கள். உலோகம் கூடாது என்பது ஆண், பெண், எந்த மதம் என்றில்லாமல் எல்லோருக்கும் ஒரே விதி என்றும் கம்பெனியே சொல்லிவிட்டது. நல்லது. அப்படியானால் கல்யாணமாகாத பெண் மூக்குத்தியைக் கழற்றுகிற மாதிரி கல்யாணமானவள் ஷிஃப்ட் முடியும்வரை தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள். வட்டிக் கடைக்காரரிடம் கழற்றித் தர யோசிக்காத ஊர் இது, லாக்கரில் வைக்கவா யோசிக்கும்? அதைவிட வேடிக்கை, ஆர்டர் குவிந்து ஆள் பற்றாக்குறை வரும் மாதங்களில் இந்தத் தடை தளர்ந்துவிடும் என்கிறது அதே ராய்ட்டர்ஸ் செய்தி. அந்த மாதங்களில் ஸ்டாடிக் மின்சாரம் லீவில் போய்விடுமா?

போனை விற்றபிறகு அது நாள் முழுக்க ஒரு தாலிக்குப் பக்கத்தில்தான் கிடக்கப்போகிறது. வாங்குகிறவள் கழுத்தில் தாலி இருக்கலாம், செய்கிறவள் கழுத்தில் கூடாது!

இரண்டாவது காரணம்தான் அசல். கல்யாணமானால் குடும்பம், குழந்தை, லீவு. இந்த வாதத்துக்கு வயசு அறுபது தாண்டிவிட்டது. பம்பாயில் ஒரு மருந்து கம்பெனி. பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்று அங்கே விதி. லைன் வேலை, ஒருத்தி வராவிட்டாலும் எல்லாம் நின்றுபோகும் என்றது நிர்வாகம். 1965-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் இல்லாத லீவுத் தொல்லை இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது, பிரசவ லீவு ஒன்றுதானே கூடுதல், அதற்கு நாலு பேரை ரிசர்வில் வைத்துக்கொண்டால் முடிந்தது என்ற ரீதியில் சொல்லி விதியைத் தூக்கி எறிந்தது. 1979-ல் வெளியுறவுத் துறை அதிகாரி முத்தம்மாவின் வழக்கு. பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியைப் பார்த்து, குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் தடையாகலாமே என்று திருப்பிக் கேட்டார் நீதிபதி கிருஷ்ணய்யர். இத்தனைக்கும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் தொழிலாளிக்குப் பிரசவகாலப் பணத்தைத் தருவது இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், கம்பெனி அல்ல. சந்தாவோடு கம்பெனியின் வேலை முடிந்தது. பிறகென்ன அழுகை?

அதே ஒரகடத்தில் கார் கம்பெனியிலோ பைக் கம்பெனியிலோ ஒரு பையனுக்குக் கல்யாணம் என்றால் கதையே வேறு. லீவு, லைன் முழுக்க கலெக்‌ஷன் போட்டு ஒரு சுவர்க் கடிகாரம், பஸ் பிடித்து ரிசப்ஷனுக்கு ஒரு கும்பல். திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் முதுகில் தட்டுவார்: "இனிமே பொறுப்பா இருப்பே!" அவனுக்கும் குழந்தை பிறக்கத்தான் போகிறது.

தைவான்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நம் வீட்டில் என்ன பேசுகிறோம்? "கல்யாணம் வரைக்கும் போகட்டும், நாலு பவுன் சேர்ந்தா நமக்குத்தானே நல்லது." மேற்கே நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் சீர் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். பெற்றவர்கள்தானே கொண்டுபோய் விட்டார்கள்? கல்யாணச் செலவுக்கு உழைக்கிறாள், அந்தக் கல்யாணமே வேலையைப் பறிக்கிறது. பெற்றோரின் கணக்கும் ஹெச்.ஆர். கணக்கும் இவ்வளவு அழகாகப் பொருந்திப்போனால் எந்தக் கம்பெனி மாற்றும்?

அரசும் அதே கணக்கில்தான் கட்டடம் கட்டுகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு பிரமாண்டமான விடுதி திறந்தார்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டில் நூற்றுக்கணக்கான பெண்கள் விழுந்து, மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்த பிறகு, நல்ல விடுதி தேவைதான். ஆனால் புருஷனும் கைக்குழந்தையும் இருக்கிற ஒருத்தி, அந்தப் படுக்கைகளில் எதில் படுப்பாள்?

வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ஸிகளிடம், விளம்பரத்தில் திருமணம், வயது பற்றியெல்லாம் போடாதீர்கள் என்று கம்பெனி பிறகு சொன்னதாகச் செய்தி வந்தது. விளம்பரத்தில் போடாமல் கேட்டில் கேட்டால்?

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது இரண்டே எண்கள். 2020-ல் மத்திய அரசு போன் தயாரிப்புக்கென்று ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. மாநில அரசு நிலம், சலுகை என்று அள்ளித் தருகிறது. எல்லாம் நம் வரிப்பணம். இனி எந்தச் சலுகைக் கோப்பு வந்தாலும், திருமணமான பெண்கள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், பிரசவத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் அதே லைனுக்குத் திரும்பினார்கள் என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்லட்டும். கம்ப்யூட்டரில் பட்டன் தட்டினால் வந்துவிடும் கணக்குதான்.