அன்பு மிகுந்த நாயும் அயலவர் அச்சமும்

கடிக்கும் நாயைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். கடியாத நாயால் விளையும் தொல்லையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மாலையில் உலாவச் செல்லும்போது எதிர்ப்படுவோர் அனைவரையும் உறவினராகக் கருதித் தாவிப் பாய்ந்து, சேற்றுக் காலை வேட்டியிலும் சேலையிலும் பதித்து, முகத்தை நக்க முயலும் நாயையே இங்கு குறிப்பிடுகின்றோம். "பயப்படாதையுங்கோ, அது ஒன்றுஞ் செய்யாது" என்று உடையவர் உரத்துச் சொல்லுவார். எதிரே நிற்பவர் அதனை எங்ஙனம் அறிவார்?

அவருடைய அச்சம் பேதைமையன்று. விசர்நாய்க்கடி நோய் குறித்து 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றிய நாடு நம் நாடு. அந்நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது. ஆதலால், அறியாத நாயின் நகம் பட்டுத் தோல் கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும். நம் நாய் விளையாட்டாகப் பாய்ந்ததன் பொருட்டு ஓர் ஏழைத் தொழிலாளி ஒரு நாட் கூலியை இழந்து வைத்தியசாலையில் காத்திருக்க நேரிடலாம். முதியவர் ஒருவர் நிலைதடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம். இறுதியில் நாய்க்கும் கேடுதான். முறைப்பாடுகள் பெருகவே, உலா நின்றுபோய், வளவின் மூலையிற் சங்கிலியே அதற்கு வாழ்வாகிவிடும்.

நாய் ஏன் பாய்கின்றது? ஓநாய்க் குட்டிகள், வேட்டையாடி மீளும் மூத்தவற்றின் வாயை நக்கி உணவு கேட்பது வழக்கம். அவ்வினத்தின் வழிவந்த நாயும் முகத்தை நாடியே எழும்புகின்றது. குட்டியாக இருக்கையில் அது எழும்பும்போதெல்லாம் வீட்டார் தூக்கிக் கொஞ்சுகின்றனர். வளர்ந்தபின் அதே செயலுக்கு அடி விழுகின்றது. இடையில் என்ன மாறிற்று என்பது அந்த வாயில்லாச் சீவனுக்கு விளங்குவதில்லை.

இன்பந் தரும் விளைவையுடைய செயலை உயிர்கள் மீண்டுஞ் செய்யும் என்பதை, பூனைகளையும் நாய்களையும் கொண்டு ஆராய்ந்து, அமெரிக்க உளவியலறிஞர் தோண்டைக் 1898ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பாயும் நாய் வேண்டுவது நம் கவனத்தையே. "இறங்கு, இறங்கு" என்று கத்துவதும் கையாற் தள்ளுவதும் அதற்கு விளையாட்டாகவே தோன்றக்கூடும். முழங்காலால் இடிப்பதும் சங்கிலியைச் சுண்டி இழுப்பதும் இன்னும் தீது. அந்நியரைக் காணும்போதெல்லாம் வலி உண்டாகுமாயின், அன்போடு ஓடிய நாய் நாளடைவில் அவரைக் கண்டு உறுமவும் கூடும்.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்குக. நாய் பாய்ந்தால் பேசாது, தொடாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளுக. நான்கு கால்களும் நிலத்திற் படிந்த அக்கணமே, அவித்த கோழியிறைச்சியில் விரல்நுனியளவு துண்டொன்று கொடுத்துப் பாராட்டுக. பின்னர் "இரு" என்ற சொல்லைப் பழக்குக. வீட்டுக்கு ஒரு சொல்லே இருத்தல் வேண்டும். அம்மா "இரு" என்றும், பிள்ளைகள் "சிற்" என்றும், அப்பா வேறொன்றும் சொன்னால் நாய் யாது செய்யும்? தொடக்கத்தில் சில நாட்கள் முன்னினும் அதிகமாகப் பாயலாம். பழைய தந்திரம் பலிக்காததால் வந்த தவிப்பு அது. அவ்வேளையில் ஒருவர் இரங்கிக் கொஞ்சினாலும் மற்றவர்களின் உழைப்பு வீணாகும்.

வளவிற் பழகியதை வீதிக்குக் கொண்டுசெல்லும்போது, தொலைவே துணை. எதிரே ஆளைக் கண்டும் நாய் அமைதியாக உணவை வாங்கித் தின்னுமளவு தூரத்தில் நில்லுங்கள். உணவையும் பொருட்படுத்தாது இழுக்குமாயின், மிக அண்மித்துவிட்டோம் என்பது பொருள். வீதியின் மறுபுறமோ பக்கத்து ஒழுங்கையிலோ ஒதுங்குக. ஆளைப் பார்த்து, பின் உங்களையும் திரும்பிப் பார்க்குமாயின், அக்கணமே பரிசளியுங்கள். நாளடைவில் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

வருபவர் விரும்பினாலன்றி நாயை அவரிடம் விடலாகாது. விரும்பினால், அது இருந்தபின் அவர் குனிந்து மார்பையோ தோளையோ இரண்டு மூன்று நொடி தடவட்டும். உடனே நாயை அழைத்துக்கொள்ளுங்கள். அது எழும்பினால் அவர் ஓரடி பின்வாங்கட்டும். எல்லோரிடமும் நின்று குலாவ வேண்டுமென்பதுமில்லை. சிலரை வெறுமனே கடந்து செல்வதும் கற்கவேண்டிய பாடமே. நாளுக்கு இருமுறை ஐந்து நிமிடப் பயிற்சி போதும். வெயில் தணிந்த வேளையாயிருத்தல் நன்று. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்து, அட்டையைப் பத்திரப்படுத்துவதும் உடையவர் கடன்.

பாயும் நாயை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாமென எண்ணவேண்டாம். சில மாதங்கள் செல்லலாம். அதன் அன்பைக் குறைப்பது நம் நோக்கமன்று. கால்களை நிலத்தில் வைத்துக்கொண்டே வாலை ஆட்டலாமென்று அது கற்றுக்கொண்டால், வேலி ஓரமாக ஒதுங்கிச் செல்லும் அயல்வீட்டுச் சிறுமியும் ஒருநாள் அச்சமின்றி அதனைக் கடந்து பாடசாலை செல்வாள். நாயும் சங்கிலிக்குத் தப்பி, மாலைதோறும் வீதியைக் காணும்.