சிரிப்பதும் நாமே, சாட்சிக்கு அழைப்பதும் நாமே



விஞ்ஞானச் செய்தி ஒன்று வெளியானால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் எழுவது சிரிப்பு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, "தெருக்குழாயில் தண்ணீர் இல்லை, நிலவில் போய்த் தண்ணீர் தேடுகிறார்கள்" என்ற கேலி எத்தனை வடிவங்களில் வந்தது! அதில் நாம் குறை காணவில்லை. குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

நாம் குறை காண்பது அடுத்து நடப்பதில். நிலவுக்கு மனிதன் போனதே ஸ்டூடியோவில் எடுத்த படம் என்று காலையில் எழுதிய அதே சகோதரர், நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கோசை கேட்டு, பூமிக்குத் திரும்பி, கெய்ரோவில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற செய்தியை மாலையில் "மாஷா அல்லாஹ்" என்று எழுதி அனுப்புகிறார். போகாத ஊரில் கேட்காத ஓசை! இரண்டில் எது உண்மை என்று அவரும் யோசிப்பதில்லை, பெறுபவரும் கேட்பதில்லை. நாசா பொய் சொல்கிறது என்று சிரிப்பதும், நாசாவே ஒப்புக்கொண்டது என்று பூரிப்பதும் ஒரே வாய். இந்த இரண்டு பழக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பலர் நினைக்கிறார்கள். நம் பார்வையில் இரண்டும் ஒரு தாய் மக்கள். விசாரிக்கச் சோம்பல்படுவதே அந்தத் தாய்.

ஆம்ஸ்ட்ராங் கதையை எடுத்துக்கொள்வோம். ஓசை பரவக் காற்று வேண்டும், நிலவில் காற்று மண்டலம் இல்லை என்பது நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடம். அதோடு, இந்த வதந்தி முஸ்லிம் நாடுகளில் பெருகியதால் 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தூதரகங்களுக்கு, ஆம்ஸ்ட்ராங் இஸ்லாத்தை ஏற்கவில்லை என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. அவரும் பலமுறை மறுத்தார். 2012 ஆகஸ்டில் இறந்தும் போனார். கதை மட்டும் இறக்கவில்லை. பிறகு சுனிதா வில்லியம்ஸின் பெயரில் அதே கதை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தது. விண்வெளியிலிருந்து மக்காவும் மதீனாவும் மட்டும் ஒளிர்ந்தனவாம், அவரும் கலிமா சொன்னாராம். ஒரு பெண்மணி தம் வாழ்நாளில் சொல்லாததை அவர் பெயரால் சொல்வது, மார்க்க மொழியில் அவதூறு. அது இஸ்லாத்திற்குச் சாதகமாக இருப்பதால் அவதூறு இல்லை என்று ஆகிவிடாது.

இதைவிடக் கவலை தருவது நிலவுப் பிளவின் படம். ரீமா அரியடேயஸ் என்ற பெயருடைய ஒரு நீண்ட பள்ளத்தை 1969இல் அப்பல்லோ-10 விண்கலம் படம் எடுத்தது. நிலவு பிளந்து சேர்ந்த தழும்பு இதுதான், நாசாவே ஒப்புக்கொண்டது என்று அந்தப் படம் இன்றும் சுற்றுகிறது. அந்தப் பள்ளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளம். நிலவின் சுற்றளவோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நிலவு பிளந்தது என்று நாம் நம்புவதற்குக் குர்ஆனும் ஸஹீஹான ஹதீஸ்களும் போதுமானவை. நாசாவின் கையொப்பத்துக்காக அந்த நம்பிக்கை ஒருநாளும் காத்திருந்ததில்லை. ஆனால் அந்தப் படத்தின் மீது நம்பிக்கையைத் தூக்கி வைத்து வளர்த்த பிள்ளை, கல்லூரிக்குப் போய் அந்தப் பள்ளத்தின் நீளத்தை ஒரு நாள் தானே தேடிப் படித்துவிடுகிறது. அன்று அது வீட்டுக்கு வந்து நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் நல்லது. கேட்காமல், இதுவே பொய் என்றால் மற்றவையும் இப்படித்தானோ என்று உள்ளே மடித்து வைத்துக்கொள்கிறது. ஈமானுக்கு முட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்து உளுத்த மரத்தை நாமே கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

செய்தியைச் சோதிக்கும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த சமுதாயமா இது என்ற வியப்பு நமக்கு அடங்குவதில்லை. தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தில் இருக்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்ற கருத்துள்ள நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்தார்கள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப்பார்த்த பிறகே ஒரு சொல்லை ஏற்றார்கள். மத்ரஸாவில் முதவாத்திர் என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் பெருந்தொகையினர் அறிவித்து, முதல் கண்ணி நேரில் கண்டதாகவோ கேட்டதாகவோ இருக்கும் செய்தி அது. வாட்ஸ்அப்பில் வருவதோ கடைசிக் கண்ணியில் லட்சம் பேர், முதல் கண்ணியில் ஒருவரும் இல்லை! "பலமுறை அனுப்பப்பட்டது" என்று அந்த நிறுவனமே அதன்மேல் முத்திரை குத்துகிறது. 2020இலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் அனுப்பவும் விடுவதில்லை. பலர் அறிவித்தது என்பது நம் முன்னோரிடம் வலிமையின் அடையாளம். இவர்களிடம் எச்சரிக்கையின் அடையாளம். இந்த விஷயத்தில் கைப்பேசிக்காரர்கள் நம்மில் பலரைவிட ஹதீஸ் கலையை விளங்கியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இனி, ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு மதீனாவில் நடந்தது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே இறந்தார்கள். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். இதைவிடச் சாதகமான வதந்தி எந்தத் தலைவருக்கு வாய்க்கும்? மறுக்காமல் மௌனமாக இருந்தாலே போதும், ஊர் முழுவதும் பரவியிருக்கும். மகனைப் பறிகொடுத்த தந்தையாக நின்ற அந்த நாளிலேயே நபியவர்கள் அதைத் திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள் என்று சொன்னார்கள். முஃகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யையே ஏற்காத நபியின் உம்மத்து, ஆம்ஸ்ட்ராங்கின் பொய்க்கு ஏன் அலைகிறது?

சிரிப்பவர்கள் சொல்லும் ஒரு நியாயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முட்டையின் மஞ்சள்கரு ஆகாது என்றார்கள், இப்போது ஆகும் என்கிறார்கள், நாளைக்கு என்ன சொல்வார்களோ என்பார்கள். உண்மைதான். ஒரு நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது என்று பல்லாண்டு சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எல்லையைக் கைவிட்டது. தலைப்பை மட்டும் விற்கும் செய்தித்தாள்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கருத்தை மாற்றிக்கொள்வது கேலிக்குரியது என்றால் நம் இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களை என்ன செய்வது? இராக்கில் சொன்னது பழைய சொல், எகிப்தில் சொன்னது புதிய சொல் என்று இன்றும் பாடம் நடத்துகிறோமே! புதிய ஆதாரத்தின் முன் பழைய கருத்தை விட்டதற்காக இமாமை நாம் மதிக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் அதையே செய்தால் மட்டும் கைகொட்டுகிறோம்.

ஆய்வு என்பது எத்தனை பொறுமையான வேலை என்று அறிய நாம் தொலைவு போக வேண்டியதில்லை. வில்பட்டியில் பூண்டும் கேரட்டும் விளைவிக்கும் நமக்கு, அதே மலைத்தொடரில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் இடம் மட்டுமே. 1876-78இன் தாது வருடப் பஞ்சத்திற்குப் பிறகு, சூரியனின் நிலைக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி வலுத்தது. அதன் வழியில் உருவானதே இந்த ஆய்வகம். 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1901 முதல் சூரியனைப் பதிவு செய்துவருகிறது. மழையைக் கணிப்போம் என்ற எதிர்பார்ப்பு அப்படி எளிய கணக்காக வாய்க்கவில்லை. வாய்த்துவிட்டது என்று அவர்கள் கதை கட்டவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி பதிந்தார்கள். அந்தப் பொறுமையில்தான் 1909இல், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் இங்கே கண்டார். இன்றும் உலக நூல்களில் அது அவர் பெயரால் வழங்குகிறது.

விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படும் எதையும் சந்தேகிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சந்தேகம் நம் மலைக்கு நன்மையும் செய்திருக்கிறது. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை பின்னாளில் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக்கடையில் குவிந்து கிடப்பதை 2001 மார்ச்சில் மக்கள் வெளிக்கொணர்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. அவர்கள் மீம் போடவில்லை. கழிவைக் காட்டினார்கள், மண்ணையும் நீரையும் சோதிக்கச் சொன்னார்கள், மருத்துவச் சான்றுகளைத் திரட்டினார்கள். சந்தேகப்படுவதற்கும் உழைப்பு உண்டு. "நிபுணர்கள் சொன்னால் நம்பிவிடுவதா?" என்று சோபாவில் சாய்ந்தபடி எழுதுபவர், இந்தத் தொழிலாளர்களின் வரிசையில் தம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

சோம்பல் சிரிப்பின் விலையைப் பிள்ளைகள்தாம் கொடுக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, அது நம் மக்கள்தொகையைக் குறைக்கும் சூழ்ச்சி என்ற குரல்பதிவுகள் சுற்றின. பல வீடுகளில், நம் சமுதாயத்தில் மட்டுமல்ல, அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் கடைசி நாளை அரசு நீட்டிக்க நேர்ந்தது. கருவுற்ற பெண்ணுக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது தாக்கும். குரல்பதிவை அனுப்பியவர் அந்தத் தாயின் முன் வந்து நிற்கப் போவதில்லை.

2020ஐ எப்படி மறந்தோம்? கொரோனாவைப் பரப்பியவர்கள் முஸ்லிம்கள் என்று பொய்க் காணொளிகள் வந்தபோது, தள்ளுவண்டியில் காய் விற்ற நம் சகோதரர்களைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டனர் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. விசாரிக்காமல் அனுப்பிய விரல்கள் நமக்கு என்ன செய்தன என்று அன்று அனுபவித்தோம். அதே மாதங்களில் நம் குழுக்களில் என்ன ஓடியது? பூண்டு அரைத்துக் குடித்தால் கொரோனா அண்டாது என்பது. முந்தைய ஆண்டுதான் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே விளைகிறது. அது உண்மையாக இருந்திருந்தால் முதலில் பணக்காரர் ஆகியிருக்க வேண்டியவர்கள் வில்பட்டி விவசாயிகள். பூண்டு நல்ல உணவு, கொரோனாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ரசத்தில் போடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, ஒரு முழுச் சூரிய கிரகணம் மக்கா, ஜித்தா வழியாகக் கடக்க இருக்கிறது. இந்தியாவில் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். எந்த ஊரில் எந்த நிமிடம் தொடங்கும் என்பதை, நம் பள்ளிவாசல் சுவரில் ஐவேளை நேரம் காட்டும் மின்பலகையின் அதே சூரியக் கணக்கு இப்போதே சொல்லிவிட்டது. கஃபாவின் மேல் பகலில் இருள் சூழும் படத்தோடு என்னென்ன கதைகள் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இது: அந்த வாரத்திற்கு முந்தைய ஜும்ஆவில் கிரகண நேரத்தை அறிவியுங்கள், இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளின் ஹதீஸை ஓதுங்கள், ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஃ கொண்ட கிரகணத் தொழுகையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அதற்கு முன் விடுமுறை நாள் ஒன்றில் அவர்களை மலைமேல் ஆய்வகத்திற்கு அழைத்துப் போங்கள்.