தோழமை மட்டும் துணையாகாது

ஜூன் மாதத்து முதல் மழை விழுந்து சஹ்யாத்ரி மலைகள் பச்சை கட்டத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாஷி ரயில் நிலையத்தில் ஒரு தனிக் கூட்டத்தைக் காணலாம். நாலைந்து வாலிபர்கள், இரண்டொரு பெண்கள். தோளில் கல்லூரிப் பை. பைக்குள் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும். காலில் தேய்ந்த ஷூ, சிலருக்கு வெறும் செருப்பு. பன்வேல் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ ஏறி, பிரபல்கட்டுக்கோ கலாவந்தின் கோட்டைக்கோ புறப்படுகிறார்கள். மலை எவ்வளவு உயரம், பாதை எப்படிப்பட்டது, இருட்டுவதற்குள் இறங்கிவிட முடியுமா என்பதெல்லாம் அவர்களில் பலருக்குத் தெரியாது. “முன்பே போய்வந்தவன் ஒருவன் கூட இருக்கிறான்” என்பதுதான் அவர்கள் செய்துகொண்ட முழு ஏற்பாடு. சில சமயம் அந்த ஒருவனும் போய்வந்தவன் அல்ல. கைபேசியில் படம் பார்த்தவன்தான்.

பெரும்பாலோர் பத்திரமாகத் திரும்பிவிடுகிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மையே அவர்களை ஏமாற்றுகிறது. ஏற்பாடு இல்லாமல் ஒரு முறை போய்வந்தவர்கள், ஏற்பாடே தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலை அவர்களை மன்னித்ததைத் தங்கள் திறமை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இது வாஷியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அக்கறையோடு எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த பெற்றோர்கள், காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று கடற்கழியைத் தாண்டி இங்கே வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மலைகள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் மலையைப் பற்றிய அறிவை அந்தப் பெற்றோராலும் தர முடியவில்லை, பள்ளிக்கூடமும் தரவில்லை. போதாக்குறைக்கு மழையைப் பற்றிய கணக்கும் பிசகுகிறது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. ஊர் மழையை நினைத்துக்கொண்டு சஹ்யாத்ரி மழைக்குள் போவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதேயாகும்.

நடந்தவை சொல்லும் பாடம்

2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, வாஷிக்கு அருகே உள்ள கார்கரில், பாண்டவ்கடா அருவிப் பகுதிக்குச் சென்ற கல்லூரி மாணவிகள் நால்வரை வெள்ளம் அடித்துச் சென்றது. அருவியின் அடியில் நிற்பவருக்கு மேலே பெய்யும் மழை தெரியாது. மலையுச்சியில் அரை மணி நேரம் கொட்டினால் போதும். கணுக்கால் அளவு ஓடிய நீர் கண்மூடித் திறப்பதற்குள் இடுப்புக்கு ஏறிவிடும். அது ஓடைக்குள் இறங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய பாடம். இறங்கியபின் கற்றுக்கொள்ள அவகாசம் கிடையாது.

2023 ஆகஸ்டில் ஹரிச்சந்திரகட் மலைக்குப் புனேயிலிருந்து சென்ற இளைஞர் குழு ஒன்று மழையிலும் மூடுபனியிலும் வழி தவறியது. அவர்களில் ஒருவர் குளிர் தாங்காமல் உயிரிழந்தார். மகாராஷ்டிரத்தில், அதுவும் ஆகஸ்டில், குளிரால் சாவா என்று கேட்கத் தோன்றும். நனைந்த துணியும் வீசும் காற்றும் வெறும் வயிறும் சேர்ந்தால், பனி விழ வேண்டிய அவசியமே இல்லை. உடம்பின் சூடு தானே இறங்கிவிடும். ஒரு மழைக்கோட்டும், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு மாற்றுத் துணியும் உயிர் காக்கும் பொருள்கள் என்று அந்தச் சமயத்தில்தான் தெரியவரும்.

தமிழ்நாட்டிலும் இந்தத் துயரம் நேர்ந்ததுண்டு. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் புல் தீப்பற்றினால், காற்று வீசும் திசையில் மனிதன் ஓடும் வேகத்தைவிடத் தீ முந்தும். காலம் பார்க்காமல் காட்டுக்குள் போவதன் விலை என்ன என்பதைத் தமிழுலகம் அன்று கண்ணீருடன் கண்டது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்காகச் சொன்னவை என்றாலும் மலை ஏறுபவனுக்கு இவற்றைக் காட்டிலும் சிறந்த பட்டியல் கிடையாது. தன் வலியை மட்டுமல்ல, கூட வருபவர்களில் மிகவும் தளர்ந்தவரின் வலியையும் அறிய வேண்டும். மழையா வெயிலா என்று மட்டுமல்ல, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் அறிய வேண்டும். சிகரத்தை மட்டுமல்ல, தண்ணீர் எங்கே, கைபேசிக்குத் தொடர்பு எங்கே அறுந்துபோகும் என்பதையும் அறிய வேண்டும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஓர் எளிய கணக்குச் சொன்னார். 3 மைல் நடைக்கு 1 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், வழுக்கும் கரும்பாறையில், மழையில் ஏறும்போது அதை இரட்டிப்பாக்கிக்கொள்வதே விவேகம். இறங்குவதற்கும் நேரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். களைத்த முழங்காலோடு, மங்கிய வெளிச்சத்தில் இறங்கும்போதுதான் கால் இடறுகிறது.

விலை கொடுப்பது யார்?

“எங்கள் உயிர், எங்கள் விருப்பம்” என்று வாலிபர்கள் வாதாடலாம். அந்த வாதம் செல்லாது. வழி தவறிய ஒருவனைத் தேடி இரவில் மலை ஏறுவது யார்? அடிவாரத்து ஆதிவாசிக் கிராமத்தார் முதலில் ஏறுகிறார்கள். பிறகு லோனாவாலாவின் சிவதுர்க் மித்ர, கோபோலியின் யஷ்வந்தி ஹைக்கர்ஸ் போன்ற தொண்டர் குழுக்கள் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக வந்து சேருகின்றன. தங்கள் வேலையை விட்டுவிட்டு, முகம் தெரியாதவர்களுக்காக வரும் மனிதர்கள் அவர்கள்.

மலையில் மீட்பு வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நவி மும்பையிலேயே சான்று உண்டு. வாஷி வீடுகளின் குழாய்க்குத் தண்ணீர் தரும் மோர்பே அணைக்கு அருகே இர்ஷால்கட் மலை இருக்கிறது. 2023 ஜூலை 19-ஆம் தேதி இரவு அதன் சரிவில் இருந்த இர்ஷால்வாடி கிராமத்தின் மேல் மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் புதையுண்டன. வாகனம் போகும் பாதை கிடையாது. மண் அள்ளும் இயந்திரத்தையும் மேலே கொண்டுபோக முடியவில்லை. மீட்கப் போனவர்கள் கொட்டும் மழையில் நடந்தே ஏறினார்கள். அப்படி ஏறும்போது நவி மும்பைத் தீயணைப்புப் படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் மாரடைப்பால் உயிர் நீத்தார். அங்கே நேர்ந்தது இயற்கையின் பேரிடர். யாருடைய அசட்டுத் துணிச்சலும் அதற்குக் காரணமல்ல. ஆனால் அதே மலைகளில், அதே மழையில், ஒரு டார்ச் விளக்கு எடுத்துப்போக மறந்த கூட்டத்துக்காகவும் இப்படிப்பட்ட மனிதர்கள் ஏற வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், “எங்கள் விருப்பம்” என்று சொல்ல நாக்கு கூசும்.

தடையால் தீருமா?

அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்காலம் வந்ததும் அருவிகளுக்கும் அணைகளுக்கும் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு இதற்குப் பயன்பட்டது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 163-ஆவது பிரிவு பயன்படுகிறது. வெள்ளம் புரளும் நாளில் தடை அவசியம்தான். ஆனால் நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் போடும் தடையினால் ஒரு தீமையும் உண்டு. காவலர் நிற்கும் நல்ல பாதையை விட்டு, யாரும் நிற்காத கெட்ட பாதையில் இளைஞர்கள் நுழைகிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். “மலைக்கா? வேண்டவே வேண்டாம்!” என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். பிள்ளையோ, “சிநேகிதன் வீட்டில் படிக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். மாலையில் திரும்பாவிட்டால் எங்கே தேடுவது? எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. தேடுவதற்கு வேண்டிய முதல் தகவலே பொய்யில் மறைந்துபோகிறது. “போகாதே” என்ற சொல் காப்பதைவிட, “எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய்?” என்ற மூன்று கேள்விகள் அதிகம் காக்கும். அவற்றைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு வேண்டுமானால், “போய் வா” என்று சொல்லும் மனமும் அவர்களுக்கு வேண்டும்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2021-இல் சாகசச் சுற்றுலாக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. பணம் வாங்கி அழைத்துச் செல்லும் அமைப்புகளை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். ஆனால் நண்பர்கள் தாமாகக் கூடிப் போவதற்கு அமைப்பும் இல்லை, பதிவும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. ஆகவே அங்கே பொறுப்பை அவர்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழர் அறிந்த வழி

அதை எப்படி உண்டாக்குவது என்று தமிழர்கள் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாஷியிலும் மாலை போட்டுக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். சபரிமலை யாத்திரையை மலையேற்றத்தின் கண்ணோடு பார்த்தால், அதன் கட்டுப்பாடுகளின் அர்த்தம் விளங்கும். 41 நாள் விரதம், விடியற்காலை எழுந்து குளித்தல், மிதமான உணவு, வெறுங்காலில் நடந்து பழகுதல். உடம்பும் மனமும் ஒரு மண்டலம் தயாராகின்றன. இருமுடியின் முன்கட்டில் சுவாமிக்கு வேண்டியது, பின்கட்டில் தனக்கு வேண்டிய ஆகாரம். அவரவர் சுமை அவரவர் தலையில். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குருசாமி. வழி அறிந்தவர் அவர். “நில்” என்றால் கூட்டம் நிற்கும், “திரும்பு” என்றால் திரும்பும். அவரிடம் வாதாடுபவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இல்லாதது இந்தக் குருசாமிதான். அங்கே எல்லோரும் சமம். ஆகவே எவரும் பொறுப்பில்லை. மழை வலுக்கிறது என்று ஒருவனுக்கு மனத்தில் படுகிறது. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவன் பேசாததைப் பார்த்து மற்றவர்கள் தைரியம் கொள்கிறார்கள். ஐந்து பேருடைய பயமும் ஐந்து பேருடைய கூச்சத்தில் அடங்கிப்போகிறது. தோழமை துணைதான், ஆனால் தலைமை இல்லாத தோழமை ஒருவரையொருவர் பள்ளத்தை நோக்கித் தள்ளும் கூட்டமாகவும் ஆகிவிடும்.

பக்தியும்கூடத் தயாரிப்புக்கு ஈடாகாது. கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்தர்கள் பலர் மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் உயிரிழந்தனர். இருதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கை அங்கே உண்டு. தெய்வத்தின் மலையிலேயே உடம்பு தன் கணக்கைக் கேட்கிறது என்றால், பொழுதுபோக்குக்கு ஏறும் மலையில் கேட்காதா?

செய்ய வேண்டியவை

தமிழ்நாடு அரசு குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்து, உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தந்து, முன்பதிவு செய்து செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. மூடி வைப்பதைவிட முறைப்படுத்தித் திறப்பது நல்லது என்பதற்கு அது ஓர் உதாரணம். பன்வேல், கர்ஜத் பகுதி மலைகளுக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும். அதுவரை அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால், பங்கு போடும்போது ஆளுக்குச் சிறு தொகையே ஆகும். அந்தக் குடும்பத்துக்கும் ஒரு நாள் பிழைப்பு நடக்கும்.

வாஷியிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள தமிழ் அமைப்புகள் பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் சிறப்பாக நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதக் கடைசியில், அனுபவமுள்ள மலையேறிகளை அழைத்து இரண்டு மணி நேர வகுப்பு நடத்துவது அவற்றுக்குப் பெரிய செலவல்ல. கூட்டத்துக்கு ஒரு தலைவர். திரும்பும் நேரம் முன்கூட்டியே முடிவு. ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். டார்ச், மழைக்கோட்டு, முதலுதவிப் பொருள்கள், பிடிப்புள்ள ஷூ. வீட்டில் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டு. இவ்வளவுதான் பாடம்.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ராய்கட் போன்ற 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று தமிழ்நாட்டின் செஞ்சிக் கோட்டை. இரு மாநிலத்தையும் இணைக்கும் அந்த மலைக்கோட்டைகளை வாஷியின் தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் ஏறிப் பார்க்க வேண்டும். ஆனால் ஏறுமுன், “இந்தக் கூட்டத்தில், திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?” என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். பதில் இல்லையென்றால், அன்றைக்கு ரயில் ஏறாமல் இருப்பதே நல்லது. மலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருக்கும்.