பேச்சு வராத பிள்ளைக்கு எழுத்து

சில பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதில்லை. மூளை முடக்குவாதத்தால் நாக்கும் உதடும் வசப்படாமல் போகலாம். ஆட்டிசம் காரணமாக இருக்கலாம். காது நன்றாகக் கேட்கும்; வீட்டில் நடப்பது புரியும்; பதில் மட்டும் வாய்வழி வராது. இவர்கள் தங்கள் மனதிலிருப்பதைத் தெரிவிக்கப் பயன்படுத்தும் வழிகளை மாற்றுத் தொடர்பு முறை என்கிறார்கள். கண்ணால் காட்டுவது, அட்டையில் ஒட்டிய படத்தைத் தொடுவது, தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட் எல்லாம் இதில் அடங்கும். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் பேசும். இத்தகைய வழிகளைப் பழக்கினால் வரவேண்டிய பேச்சும் வராமல் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை.

படங்கள் விரைவாகப் பலன் தருகின்றன. தண்ணீர், சோறு, வலி, விளையாட்டு என்று அன்றாடத் தேவைகளைப் பிள்ளை உடனே சொல்லிவிடுகிறது. ஆனால் பலகையில் எந்தப் படம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது பெரியவர்கள். தெருவில் புதிதாக வந்த பூனைக்குத் தான் வைத்த பெயரையோ, அத்தை சொன்னது பொய் என்பதையோ, பக்கத்து இருக்கைப் பையன் கிள்ளியதையோ சொல்ல, யாராவது முன்கூட்டியே அந்தச் சொல்லை அங்கே வைத்திருக்க வேண்டும். எழுத்து தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. மும்பையைச் சேர்ந்த மாலினி சிப் மூளை முடக்குவாதத்துடன் வளர்ந்தவர். அவர் பேசுவது மற்றவர்களுக்கு எளிதில் விளங்காது. சுண்டுவிரலால் தட்டச்சு செய்து அவர் எழுதிய தன்வரலாறு ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ 2010இல் வெளிவந்தது.

பிறகு ஏன் இந்தப் பிள்ளைகளில் பலர் எழுத்தறியாமலே வளர்கிறார்கள்? பெரும்பாலும் சிக்கல் கற்பிக்கும் வழியில் இருக்கிறது. நம் வகுப்பறையில் வாசிப்பு வாய் வழியாகவே நடக்கிறது. ஆசிரியர் எழுத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்பார். பிள்ளை சொல்லும். சொன்னது சரியா என்று அவர் காதால் அறிவார். பேசாத பிள்ளையிடம் அந்தச் சான்று கிடைப்பதில்லை. தெரியவில்லை என்று முடிவாகிறது, பாடம் நின்றுபோகிறது.

இதற்குத் தீர்வு, குரல் கொடுக்கும் வேலையை ஆசிரியரிடமும் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளையிடமும் கொடுப்பது. அமெரிக்காவில் ஜானிஸ் லைட், டேவிட் மெக்நாட்டன் ஆகியோர் வகுத்த பயிற்சி முறையின் அடிப்படை இதுதான். ஆசிரியர் ‘ம’ என்று ஒலிக்கிறார். முன்னால் இருக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்றைப் பிள்ளை விரலாலோ கண்ணாலோ காட்டுகிறது. அடுத்த படி ஒலிகளைச் சேர்ப்பது. ஆசிரியர் ‘பா… ல்’ என்று இழுத்து, இடைவெளி விட்டுச் சொல்கிறார். பிள்ளை அதை மனதுக்குள் சேர்த்துப் பார்த்து உரிய படத்தைக் காட்ட வேண்டும். வாயால் ஒலிக்க முடியாதவர்களும் ஒலிகளை மனதில் பிரிக்கவும் சேர்க்கவும் கற்க முடியும். அவர்களுக்கு இது சற்றுக் கடினம்தான், ஆனால் இயலாதது அல்ல.

வாசிப்பைச் சோதிக்கும்போது படங்களைக் கவனமாகத் தேர வேண்டும். ‘பால்’ என்று எழுதிய அட்டையைச் சொல்லாமல் காட்டி, யானை, பேருந்து, பால் ஆகிய மூன்று படங்களை வைத்தால் முதலெழுத்தை மட்டும் பார்த்தும் யானையை ஒதுக்கிவிடலாம். பல், வால், பால் என்று வைத்துப் பாருங்கள். பிள்ளை பல்லைக் காட்டினால் துணைக்காலைக் கவனிக்கவில்லை. வாலைக் காட்டினால் முதலெழுத்தில் தடுமாற்றம். நாளை எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது அந்தத் தவறிலேயே இருக்கிறது. மூன்றில் ஒன்று குருட்டாம்போக்கிலும் சரியாகிவிடும் என்பதால், படங்களின் இடத்தை மாற்றி, வேறு நாட்களிலும் அதே சொல்லைக் கேட்க வேண்டும்.

எழுதுவதற்கு வருவோம். பென்சில் பிடிக்க முடியாத பிள்ளைக்கு எழுத்துகள் முன்னால் இருக்க வேண்டும். பிள்ளை அவற்றிலிருந்து தேர வேண்டும். கையும் நீட்ட முடியாவிட்டால், ஒருவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். வேண்டிய இடத்தில் பிள்ளை கண்ணை உயர்த்தும் அல்லது ஒரு ஸ்விட்சை அழுத்தும். இதை வருடல் முறை என்பார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான் தொமினிக் போபி, பக்கவாதத்துக்குப் பிறகு இடது கண்ணை மட்டும் சிமிட்டி ஒரு நூலையே சொல்லி எழுதவைத்தார். அது 1997இல் வெளியானது.

தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே, வருடல் நடக்குமா என்ற ஐயம் எழும். அரிச்சுவடி வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிப்போனால் நடக்காதுதான். ‘மீ’ என்ற எழுத்து அந்த வரிசையில் 143ஆவது இடத்தில் வருகிறது. ஆனால் நம் எழுத்துகள் தாமாகவே குழுக்களாகப் பிரிகின்றன. உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் என்று முதலில் குழுவைக் கேட்கலாம். மூன்றாவதில் பிள்ளை கண்ணை உயர்த்துகிறது. ங, ஞ, ண, ந, ம என்று சொல்ல, ஐந்தாவதில் உயர்த்துகிறது. பிறகு அ, ஆ, இ, ஈ, நான்காவதில் உயர்த்துகிறது. பன்னிரண்டே அடிகளில் ‘மீ’ கிடைத்துவிட்டது. புள்ளிக்கு உயிர் வரிசையின் முடிவில் ஓரிடம் தரலாம். ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் கடைசிக் குழுவாக இருக்கட்டும். 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறது: இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய், இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய். பல மொழியினர் எழுத்துகளை எப்படி அடுக்குவது என்று மூளையைக் கசக்க, நம் இலக்கணம் அந்த வேலையைப் பாதி முடித்துவைத்திருக்கிறது.

தமிழில் ஒரு தடையும் உண்டு. பிள்ளை காதில் விழுவது ‘வந்துட்டான்’. புத்தகத்தில் இருப்பது ‘வந்துவிட்டான்’. பேசும் பிள்ளை இரண்டையும் வாயில் உருட்டி உருட்டி இணைத்துக்கொள்கிறது. பேசாத பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஆகவே தொடக்கத்தில் பேச்சு வழக்கையே எழுதவிடுவது நல்லது. சந்திப் பிழை, ல-ள மயக்கம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துப் பலகையைக் கொடுத்த மறுநாளே சொற்கள் வந்துவிடாது. முதலில் பொருளற்ற எழுத்துகள்தான் வரும். பேசும் பிள்ளை சுவரில் கிறுக்கும்போது நாம் அதைப் படிப்பின் தொடக்கம் என்று ஏற்கிறோம். இதையும் அப்படியே ஏற்க வேண்டும். ‘தபகீ’ என்று வந்தால் பெரியவர் அதை உரக்கப் படித்து, ‘த’ இருக்கிறது, தம்பியைச் சொல்கிறாயா என்று கேட்கலாம். தாமும் அதே பலகையைத் தொட்டு ஒரு சொல் எழுதிக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். உதவுகிறேன் என்று பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் முறை ஒன்று 1990களில் அமெரிக்காவில் பரவியது. பிடித்தவருக்கு ஒரு படமும் பிள்ளைக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோது, எழுதப்பட்டது பிடித்தவர் கண்ட படத்தின் பெயர். பலகையை ஒருவர் தாங்கலாம், வரிசையைச் சொல்லலாம், நாற்காலியைச் சரிசெய்யலாம். தேர்வு மட்டும் பிள்ளையின் அசைவாகவே இருக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வியில் மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிப்பதை அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் முதலில் படம், அதில் தேறிய பிறகு எழுத்து என்ற வரிசை இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பேசும் பிள்ளைக்கு இப்படி நாம் நிபந்தனை வைப்பதில்லை. மழலை தீருமுன்பே கையில் சிலேட்டைக் கொடுத்துவிடுகிறோம். படமும் எழுத்தும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகப் போவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் ஒரே தூரம் போவார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் தம் பெயரும் பத்துப் பதினைந்து சொற்களும் என்ற அளவில் நிற்கலாம். யார் எவ்வளவு போவார் என்பது கற்பித்துப் பார்க்காமல் தெரியாது. தொடங்குவதற்கு டேப்லெட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அட்டையில் ஐந்து வரிகளாக எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பிள்ளையின் கண்மட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு குழுவையும் சொன்ன பிறகு அவசரப்படாமல் சில நொடிகள் காத்திருந்தால் போதும். உடல் அசைய நேரமாகும் பிள்ளைக்கு அந்த நொடிகள் முக்கியம்.