இருளில் உழைப்போரும் பார்க்க வருவோரும்

தென்னமெரிக்க நாடான பொலிவியாவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது பொட்டோசி நகரம். அதனை அண்டியுள்ள செரோ ரிக்கோ மலையில் 1545ஆம் ஆண்டு வெள்ளி கண்டறியப்பட்டது. ஸ்பானிய ஆட்சியாளர்கள் பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்று அங்கு பெருஞ்செல்வம் திரட்டினர். அவர்களது ஆட்சி என்றோ முடிவுற்றது. சுரங்க வேலை இன்றும் ஓயவில்லை. அந்த வேலையைப் பார்ப்பதற்குக் கட்டணம் செலுத்தி உல்லாசப் பயணிகளும் மலையினுள் செல்கின்றனர்.

இது கைவிடப்பட்ட சுரங்கமோ நூதனசாலையோ அல்ல. பயணிகள் முதலில் தொழிலாளரின் சந்தைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். கொக்கா இலை, குளிர்பானம், டைனமைட் என்பவற்றை அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு, தலைக்கவசமும் விளக்கும் அணிந்து ஒடுங்கிய பாதைகளில் தவழ்ந்து செல்கின்றனர். சில மணித்தியாலங்களில் அவர்கள் வெளியே வந்துவிடுவர். தொழிலாளியோ அதே தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து, நுரையீரலை அரிக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இரையாகிறான்.

பிறர் துயரை வேடிக்கை பார்ப்பது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் புறக்கணிப்பு மாத்திரம் இதற்குத் தீர்வாகாது. 1985ஆம் ஆண்டு வெள்ளீயத்தின் விலை வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து, பொலிவிய அரச சுரங்கக் கூட்டுத்தாபனம் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கியது. செரோ ரிக்கோவில் இன்று அகழ்வில் ஈடுபடுவோர் கூட்டுறவுச் சங்கங்களைச் சார்ந்தவர்களே. பயணிகளுக்கு வழிகாட்டுவோரில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர் பலர் உள்ளனர். அவர்களுக்கு இத்தொழில் சுரங்கத்திலிருந்து மீளக் கிடைத்த வழியாகும். பயணிகள் வராதொழிந்தால் அவர்களது பிழைப்புப் பறிபோகும். உள்ளே இருப்போரின் நிலையோ மாறப்போவதில்லை.

எனினும் ஒரு விடயத்தை நாம் மறந்துவிடலாகாது. பயணி கொண்டுசெல்லும் வெடிமருந்தும் கொக்கா இலையும் தொழிலாளி தன் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியவை. உரிமையாகக் கிடைக்க வேண்டியது அன்பளிப்பாகக் கிடைக்கிறது. அத்துடன், ஆபத்தே பயணிகளை ஈர்க்கும் விற்பனைப் பொருளாகிவிட்டால், அதனைக் குறைப்பதில் எவருக்கு அக்கறை இருக்கும்? மலையுச்சியில் 2011ஆம் ஆண்டு பெருங்குழி ஏற்பட்டது. 1987ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பொட்டோசியை, 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆபத்துக்குள்ளான தலங்களின் பட்டியலில் சேர்த்தது. மலைக்குக் காட்டப்படும் இக்கரிசனை அதன் வயிற்றினுள் உழைப்போருக்கும் காட்டப்பட வேண்டும்.

இது தொலைதூரத்துப் பிரச்சினை என நாம் ஒதுக்கிவிட முடியாது. எமது நாட்டின் இரத்தினபுரியில் மரச்சட்டங்களால் தாங்கப்பட்ட மாணிக்கக் குழிகளையும் உல்லாசப் பயணிகள் பார்வையிடுகின்றனர். குழிக்குள் இறங்குபவர் அங்கும் ஒரு காட்சிப்பொருளாகிவிடக் கூடாது.

உழைப்பாளியின் சம்மதமின்றிப் படம் பிடிக்கலாகாது. செலுத்தப்படும் கட்டணத்தில் உள்ளே உழைப்போருக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அப்பங்கு அவர்களது பாதுகாப்புக்கும் மருத்துவத்துக்கும் செலவிடப்பட வேண்டும். இவற்றைக் கேட்டறிந்த பின்னரே பயணி சுரங்கத்தினுள் கால் வைக்க வேண்டும். கேட்பதற்கு மனமில்லாதவர் வெளியே நிற்பதே அத்தொழிலாளருக்குச் செய்யும் மரியாதையாகும்.