நிறுத்தவும் தெரிய வேண்டும்



நடிகை சௌந்தர்யாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2004 ஏப்ரல் 17 அன்று தேர்தல் பிரசாரத்துக்காக பெங்களூரு ஜக்கூரிலிருந்து சிறிய செஸ்னா விமானத்தில் கிளம்பினார். மேலெழும்பிய சிறிது நேரத்தில் விமானம் விழுந்து, நால்வரும் இறந்தனர்.

சிறிய விமானத்துக்குக் கிளம்பும் நேரம்தான் கண்டம். புல்தரை என்றால் இன்னும் ஆபத்து. மழை பெய்த திடலில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், புல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். வேகம் ஏறுவதற்குள் திடல் முடிந்துவிடும். பாதித் தூரத்தில், மேலெழும்பத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது விமானிகளின் கணக்கு.

என் கருத்து இதுதான்: அவசரம் பயணிக்கு இருக்கலாம், முடிவு விமானியுடையது. கூட்டம் காத்திருக்கிறது என்று யாரும் அவரை நெருக்கக் கூடாது. நம் அய்யலூர் வேன் டிரைவருக்கும் இதுவே பொருந்தும். "இப்போது வேண்டாம்" என்பவரைக் கோழை என்று சொல்லாதீர்கள்.