கலை உலகம்: கல்லுக்குள் ஒரு கடல்

இல்லறப் பொறுப்புக்களைத் தாங்கிக்கொண்டே தம் கலையையும் கைவிடாது காத்த ஒரு பெண்மணியை இம்மாதம் காண்போம். அவர் ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் அம்மையார்.

1903-ஆம் ஆண்டு யார்க்ஷயரில் உள்ள வேக்பீல்டு நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சாலைகளையும் பாலங்களையும் மேற்பார்க்கும் அதிகாரி. அவருடன் காரில் செல்லுங்கால், மேடும் பள்ளமுமாய் விரிந்த நிலம் சிறுமியின் கண்ணுக்குப் பெரியதொரு சிற்பமாகவே தோன்றிற்று.

அக்காலத்து ஐரோப்பியச் சிற்பிகளுட் பலர் களிமண்ணில் உருவம் சமைப்பர். அதனைச் சலவைக்கல்லில் பெயர்ப்பது தொழிலாளர் வேலை. ஹெப்வொர்த்தோ 1924-இல் இத்தாலி சென்று, ரோமில் அர்தினி என்னும் கைவினைஞரிடம் கல் செதுக்கப் பயின்றார். உளியைத் தாமே பிடித்தார். கல்லின் தன்மைக்கு இசையவே உருவம் அமைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1930-களின் தொடக்கத்தில் கல்லின் நடுவே துளையிட்டு, ஒளியையும் வெளியையும் சிற்பத்தின் உறுப்புக்களாக்கினார்.

ஒரு மகன் இருக்க, 1934-இல் ஒரே பிரசவத்தில் மூன்று மகவுகள் பிறந்தன. மறு ஆண்டே வெண்சலவைக்கல்லில் 'மூன்று வடிவங்கள்' உருவாயிற்று. 1939-இல் போர் மூளும் வேளையில் குடும்பம் கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயிண்ட் ஐவ்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. குழந்தைகளைப் பேணுவதிலும் காய்கறி பயிரிடுவதிலும் பகல் கழிந்தது. செதுக்க இடமில்லை, ஆகவே இரவில் வரைந்தார். அந்த வளைகுடாவின் அலையும் பாறையும் பின்னர் அவர் படைப்புக்களில் குடிகொண்டன. 1946-இல் மரத்தில் செய்த 'பெலகோஸ்' என்பதன் பெயர்க்குக் கிரேக்கத்தில் கடல் என்றே பொருள்.

1953-இல் மூத்த மகன் விமான விபத்தில் மாண்டான். அவன் நினைவாக மறு ஆண்டு தாயும் சேயுமாய் ஒரு கற்சிற்பம் செதுக்கி, அவ்வூர்த் தேவாலயத்திற்கு அளித்தார். புத்திர சோகத்தையும் அவர் உளி கொண்டே ஆற்றிக்கொண்டார் போலும்!

1975-இல் தம் பட்டறையில் நேர்ந்த தீவிபத்தில் அம்மையார் காலமானார். அவர் விருப்பப்படி அவ்விடம் 1976 முதல் காட்சிசாலையாக விளங்குகிறது. தோட்டத்துச் செடிகொடிகளின் நடுவே அவர் சிற்பங்கள் நிற்கின்றன.

நாள்தோறும் அரைமணி நேரமேனும் கலைக்கென ஒதுக்கினால், மனத்தில் உருவங்கள் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவர் அனுபவம். ஊர்விட்டு ஊர் வந்து, வீணையை உறையிலிட்டு மூலையில் சாத்தியிருக்கும் நம் சகோதரிகள் இதனைச் சிந்திப்பாராக.